சைரன் அறையில் நான் சொன்னது

ஜூலை 20, ஞாயிறு

முதலில் நல்ல சேதிகளை எழுதிவிடுகிறேன். பேரப்பிள்ளைகளில் பெரியவன் மார்க்கஸ் மில்டூராவில் எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் வாங்கிவிட்டான், முதல் தடவையிலேயே. டீனா அடிலெய்டில் நர்ஸ் படிப்பு இரண்டாம் வருடம். வகுப்பில் மூன்றாவது. முதல் இரண்டு பேரும் டாக்டர் வீட்டுப் பிள்ளைகளாம், அதனால் என் கணக்கில் அவள்தான் முதல். இரட்டைகள் இருவரும் பதிமூன்று வயதுக்குட்பட்ட நெட்பால் அணியில். ஒருத்தி கோல் போடுகிறாள், இன்னொருத்தி போடவிடாமல் தடுக்கிறாள். சாப்பாட்டு மேஜையிலும் அப்படித்தான்.

கெரினைக் கடைசிக்கு வைத்தேன். எங்கள் நுராபின் ஊர் ஆஸ்திரேலியக் கால்பந்துக் கிளப்பின் ஆண்கள் சீனியர் டீமுக்கு என் பேத்தி கோச்! நூற்றுப்பத்து வருடக் கிளப்பில் முதல் பெண். விண்ணப்பம் போட வேறு ஆள் இல்லாததால்தான் கொடுத்தோம் என்று தலைவர் ராஸ் டீட்ரிக் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். அவர் கோச்சாக இருந்த வருடம் பதினாறு ஆட்டத்தில் பதின்மூன்று தோல்வி. அந்தப் பதின்மூன்றுக்கும் நேரம் பார்த்து, முடிந்தது என்று சைரன் அடித்தவள் நான்.

கமிட்டியின் பேச்சு இதுதான்: லீக் ஆட்டங்கள் முடியும்போது முதல் நாலு இடத்துக்குள் இருந்தால் அடுத்த வருடமும் கெரின். இல்லாவிட்டால் பென்டிகோவிலிருந்து வேறு ஆள். இன்று நாலாவது இடத்தில் இருக்கிறோம். இன்னும் நாலு ஆட்டம். எனக்குக் கவலையே இல்லை.

ஜூலை 26, சனி

கொரெல்லா ஊரில் ஆட்டம். பதினேழு புள்ளியில் ஜெயித்தோம்!

கால் மரத்துப்போகிற குளிர். அதைவிட மோசம் காற்று. மேற்கே இருந்து கோதுமை வயலெல்லாம் தாண்டி வந்து மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக அடிக்கிறது. ஆட்டத்தின் நாலு பகுதியில் காற்று முதுகில் இருக்கிற பகுதியில் குருட்டு உதை உதைத்தாலும் கோல், ஆறு புள்ளி. காற்று முகத்தில் இருக்கிற பகுதியில் ஓங்கி உதைத்த பந்து நம் தலைக்கே திரும்பி வரும். ஆகவே காற்றுக்கு எதிரான பகுதியில் எவ்வளவு குறைவாகக் கோல் வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ராஸ் காலத்தில் அதற்கு ஒரே வழி, ஓரமாக உதைத்து வெளியே தள்ளுவது. பந்து வெளியே போகும், உள்ளே வரும், மறுபடி வெளியே போகும்.

கெரின் அதைச் செய்யவிடவில்லை. காரணத்தை என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். குட்டிக் குட்டி உதை. பதினைந்து இருபது தப்படி, நம் ஆள் கையில். பந்து தரையில் படாமல் பிடித்துவிட்டால் யாரும் அவனைத் தொடக் கூடாது, நின்று நிதானமாக அடுத்தவனுக்கு உதைக்கலாம். பக்கவாட்டில், பின்னால், மறுபடி பக்கவாட்டில். நம் ஜனங்களே கார் ஹாரனை அடித்து, "முன்னாடி உதைங்கடா!" என்று கத்தினார்கள். கொரெல்லாக்காரர்கள் பந்தே கிடைக்காமல் ஆட்டுமந்தை மாதிரி சுற்றி வந்தார்கள். அந்தப் பகுதியில் அவர்களுக்கு ஒரே ஒரு கோல்.

சைரன் அறையில் வழக்கம்போல கிளாரி. கொரெல்லாவின் நேரக்காரர். ஆளுக்கொரு கடிகாரம், ஆளுக்கொரு பிளாஸ்க், இருபத்தாறு வருடமாக ஒரே பெஞ்சு. அவர் மகன்தான் அவர்கள் கோச்.

"என்ன நோலா, உன் பேத்தி பசங்களுக்குப் பந்து விளையாட்டா சொல்லிக்குடுக்கிறா, தாயம் விளையாட்டா?"

எனக்கு வந்ததே ஆத்திரம். ஐந்தாம் வகுப்போடு அப்பா என்னைக் கோழிப்பண்ணைக்கு அனுப்பிவிட்டார்தான், ஆனால் கடிகாரம் படிப்பதில் என்னை அடிக்க ஆள் இல்லை.

"கிளாரி, உன் கடிகாரத்தைப் பாரு. பந்து வெளிய போனா நாம முள்ளை நிறுத்துறோம், பிடிச்சவன் நிதானமா நின்னா நிறுத்துறதில்லை. நிறுத்தின நேரத்தையும் சேர்த்தா இருபது நிமிஷப் பகுதி முப்பத்தொண்ணு வரைக்கும் இழுக்கும். இப்ப எவ்ளோல முடிஞ்சது?"

"இருபத்துநாலு."

"ஏழு நிமிஷம் உங்க காத்தை எங்க பொண்ணு தின்னுட்டா. பந்து வெளியவே போகக் கூடாது, நடுவுலேயே இருக்கணும், நேரம் ஓடணும். அதான்யா சூட்சுமம்!"

கிளாரி பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே தன் கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்தார். மடக்கிவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜூலை 27, ஞாயிறு

ஆட்டுத்தொடை ரோஸ்ட். கெரின் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மூன்றாவது இடம்!

ஆகஸ்ட் 2, சனி

முப்பத்தொரு புள்ளியில் தோல்வி. காற்றுக்கு எதிரான பகுதியில் நம் ஒவ்வொருவன் பக்கத்திலும் அவர்கள் ஆள் ஒருவன் ஒட்டிக்கொண்டு நின்றான். குட்டி உதைக்கு இடமே கொடுக்கவில்லை. ஒரு நாள் இப்படியும் ஆகும். அந்த டீமில் ஒரு நல்ல மூளை இருக்கிறது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

மறுபடி தோல்வி. இது வேறு டீம். அதே ஒட்டல். ஆளுக்கு ஆள், சட்டை உரசுகிற தூரம். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒரே சமயத்தில் ஒரே மூளை முளைக்குமா?

ஐந்தாவது இடத்துக்கு இறங்கிவிட்டோம். இன்னும் ஒரே ஆட்டம், கொரெல்லாவோடு, இங்கே, 23-ஆம் தேதி. ஜெயித்தால் நாலாவது. தோற்றால் கதை முடிந்தது.

கேன்டீன் வரிசையில் ராஸ், மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட 'பை' ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "பொம்பளைப் பிள்ளை பாவம், முயற்சி பண்ணிச்சு." நான் சாஸ் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தவே இல்லை. சாஸ் இல்லாமல் தின்னட்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கெரின், தான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடம் விட்டதும் நேராக இங்கே வந்தாள். பூசணி சூப் வைத்திருந்தேன். கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"யாரோ வெளிய சொல்லிட்டாங்க பாட்டி."

"எதை?"

"எல்லாத்தையும். குட்டி உதை மட்டும்னா பார்த்தாலே தெரியும். நேரம் தின்கிற கணக்கு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? சனிக்கிழமை அவங்க கோச் பலகை முன்னாடி நின்னு, 'பந்தை வெளிய தள்ள வையுங்க, கடிகாரம் நிக்கணும்'னு கத்தறான். என் காதால கேட்டேன். அது நான் நம்ம ரூமுக்குள்ள கதவைச் சாத்திட்டுச் சொன்ன வார்த்தை."

நானும் ஒரு வாய் சூப் எடுத்தேன். கரண்டியைத் திரும்ப வைத்தேன்.

"யாரா இருக்கும்னு நினைக்கிற?"

"கேலம். வேற யாரு? அவன் கட்டிக்கப்போற பொண்ணு கொரெல்லாக்காரி. ஞாயித்துக்கிழமை ஆனா அவங்க வீட்லதான் சாப்பாடு. வியாழக்கிழமை பேர் வாசிக்கும்போது அவன் பேர் இருக்காது."

கேலம் எங்கள் பின்வரிசை நெட்டையன். ஆறடி ஐந்தங்குலம். வாய் திறந்து இரண்டு வார்த்தை பேசினால் அன்று மழை வரும்.

அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அந்த மேஜையிலேயே. ஏன் சொல்லவில்லை? பிஸ்கட் டப்பாவை எடுத்து வைத்தேன், அவ்வளவுதான் செய்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

கிளாரிக்குப் போன் போட்டேன்.

"கிளாரி, அன்னைக்கு சைரன் ரூம்ல நான் சொன்னதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"என் மகன்கிட்டச் சொன்னேன். அவன் அவன் மச்சானுங்க ரெண்டு பேருக்கும் சொன்னான். அவனுங்களும் கோச்சுங்கதானே."

"எப்படிச் சொல்லலாம் நீ?"

"ஏம்மா, ரகசியம்னு நீ சொல்லவே இல்லியே! இருபத்தாறு வருஷமா நீ பேரன் பேத்தி பெருமை பேசுறே, நான் வீட்ல போய்ச் சொல்றேன். மார்க்கஸ் லைசென்ஸ் வாங்கினதுகூட எங்க தெருவுக்கே தெரியும்."

அவர் மேல் தப்பில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. கடிகாரத்தை ஒரு வினாடி தள்ளமாட்டேன், ஆனால் வாயை… வாய்க்கு சைரன் கிடையாதா எனக்கு?

அந்தப் பிள்ளை கேலம். அவனுக்கு என்ன தெரியும்? பெண் கொடுக்கிற வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றான், அது குற்றமா?

ஆகஸ்ட் 14, வியாழன்

சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் கிளப் ஹாலில் எல்லோருக்கும் சாப்பாடு, சாப்பிடும்போதே அடுத்த ஆட்டத்துக்கான பேர் வாசிப்பார்கள். இந்த வாரம் ஆட்டம் இல்லாவிட்டாலும் 23-ஆம் தேதிக்கான பட்டியலை இன்றே வாசிப்பதாக கெரின் சொல்லியிருந்தாள், பையன்களுக்கு ஒன்பது நாள் மனசில் ஊறட்டும் என்று. முன்கூட்டியே அவளைத் தனியாகப் பிடித்துச் சொல்லத்தான் போனேன். பிடிக்க முடியவில்லை. மைதானத்திலிருந்து நேராக மேடைக்கு வந்துவிட்டாள். நான் சமையல்கட்டு ஜன்னலுக்குப் பின்னால், கையில் குழம்புக் கரண்டி.

பின்வரிசை மூன்று பேர் வாசித்தாள். கேலம் இல்லை. ஹால் முழுக்கத் திரும்பி அவனைப் பார்த்தது. அவன் தட்டைப் பார்த்தான். காது மட்டும் சிவந்தது.

"நிறுத்து கெரின்" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "கொரெல்லாக்குச் சொன்னது அவன் இல்லை. நான். சைரன் ரூம்ல, கிளாரிகிட்ட. பெருமைக்குச் சொன்னேன்."

ராஸ் வாயைத் திறந்தார், அவர் மனைவி அவர் தொடையைக் கிள்ளியிருக்க வேண்டும், மூடிக்கொண்டார்.

கெரின் என்னைப் பார்க்கவே இல்லை. கேலமைப் பார்த்தாள்.

"கேலம், கேக்காம கொள்ளாம உன்னைச் சந்தேகப்பட்டேன். தப்பு என்னோடது. எல்லார் முன்னாடியும் சொல்றேன், மன்னிச்சுக்கோ. உன் பேரைச் சேர்க்கிறேன். நீ விளையாடுவியா?"

அவன் காலித் தட்டை முன்னால் நகர்த்தினான். நான் என்றால் போம்மா என்று எழுந்து போயிருப்பேன்.

"ஆடுறேன்" என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நோலா பாட்டி, எனக்கு இன்னும் ரெண்டு உருளைக்கிழங்கு கிடைக்குமா?"

நாலு வைத்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கெரின் வரவில்லை. போனும் இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

வந்தாள். பின்வாசல் வழியாக, செருப்பைக் கழற்றாமல். "இனிமே உனக்கு ஒண்ணும் சொல்லமாட்டேன் பாட்டி. டீம்ல என்ன செய்றோம்னு ஒரு வார்த்தை தெரியாது உனக்கு."

"சரி."

"கோபமா?"

"யாருக்கு, எனக்கா? சொல்லாதேங்கிறேன். நீ சொன்னாலும் காதைப் பொத்திக்குவேன்."

சிரித்துவிட்டாள். பிறகு, "உனக்கு எப்படி இருந்தது, அங்க நின்னு சொல்றதுக்கு?" என்று கேட்டாள். மைதானத்தின் நடுவில் துணி இல்லாமல் நிற்கிற மாதிரி என்றேன். "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்றாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

என் சமையலறை ஜன்னலிலிருந்து மைதானம் முழுக்கத் தெரியும். பயிற்சி ஆரம்பித்ததும் திரையை இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு பட்டாணி உரித்தேன். ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. இதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆகஸ்ட் 23, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

அதே மேற்குக் காற்று. கார்கள் மைதானத்தைச் சுற்றி மூக்கை உள்ளே வைத்து நின்றன, இடமில்லாமல் இரண்டாவது வரிசை. டாஸில் தோற்றோம். கடைசிப் பகுதியில் காற்று எங்கள் முகத்தில்.

கிளாரி மேலே ஏறி வந்து பிளாஸ்கைத் திறந்தார். "என்ன நோலா, உன் பொண்ணு இன்னைக்கு என்ன வச்சிருக்கா?"

"ஸ்கோன் பன் வேணுமா? ஜாம் நானே போட்டது."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"இருபத்தாறு வருஷத்துல நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லாம இருந்ததே இல்லை. எனக்குப் பயமா இருக்கு." உண்மையிலேயே என் நெற்றியைத் தொட வந்தார்.

மூன்று பகுதி முடிந்தபோது நாங்கள் ஒன்பது புள்ளி முன்னால். மூன்றாவது இடைவேளையில் எங்கள் ஊர் வழக்கப்படி ஜனங்களெல்லாம் மைதானத்துக்குள் நடந்து போய் கோச்சைச் சுற்றி நின்று கேட்டார்கள். கொரெல்லாக்காரர்களும் நின்றார்கள். யாரும் யாரையும் விரட்டுவதில்லை. கெரின் என்ன சொன்னாள் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டே வார்த்தையாம்: "அதையே ஆடுங்க." கொரெல்லா ஆள் ஒருவன் சிரித்துக்கொண்டே தன் கோச்சிடம் ஓடினானாம்.

ஆட்டம் தொடங்கியது. குட்டி உதை. எதிர்பார்த்தபடி கொரெல்லா பதினெட்டுப் பேரும் மேலேறி வந்து ஒட்டிக்கொண்டார்கள். ஒரு பிடி தவறியது, அவர்களுக்கு ஒரு கோல். மூன்று புள்ளிதான் இப்போது. நம் கார்களில் ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லை. இதையே ஆடினால் எப்படி? அவளுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லையா? என் வாயால் அவளுடைய ஒரே வழியையும் அடைத்துவிட்டேனா?

மறுபடி குட்டி உதை, பின்னால், இன்னும் பின்னால். கொரெல்லாக்காரர்கள் இன்னும் மேலே வந்தார்கள், பசி பிடித்த மாதிரி. அப்போதுதான் பார்த்தேன். எனக்கு மேலிருந்து முழு மைதானமும் தெரியும். அவர்களுக்குப் பின்னால் ஒரு ஜீவன் இல்லை. பாதி மைதானம் காலி.

டோபி, எங்கள் கேப்டன், திடீரென்று அவர்கள் தலைக்கு மேல் உயரமாக உதைத்தான். காற்றுக்கு எதிராக உயரமாக! யாராவது செய்வார்களா? பந்து போய் ஆகாயத்தில் நின்றது. கொரெல்லா ஆட்கள் திரும்பி வெகுதூரம் ஓடினார்கள். காற்று பந்தைப் பிடித்து நேர்கீழே போட்டது, அவர்கள் ஓடிப்போன இடத்துக்கு முப்பது தப்படி முன்னால். எங்கள் இரண்டு பையன்கள் அங்கே காத்திருந்தார்கள். கோல். மறுபடி ஒன்பது.

"அடிப்பாவி" என்றார் கிளாரி. "மேலே வரட்டும்னே விட்டிருக்கா."

நான் ஸ்கோனை மென்றேன். வாய் நிறைய ஸ்கோன் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அவர்கள் விடவில்லை. காற்று அவர்களுடையது. இன்னொரு கோல். மூன்று புள்ளி. கடிகாரம் பத்தொன்பது நிமிடம் நாற்பது வினாடி. எவ்வளவு மிச்சம் என்று எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். கீழே கெரின் தலையைத் தூக்கி எங்கள் ஜன்னலைப் பார்த்தாள். நான் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன்.

ஐம்பது. பந்து எங்கள் கோல் பக்கம் பறந்தது. என் விரல் பொத்தான் மேல். ஐம்பத்தைந்து. அவர்களுடைய செம்பட்டைத் தலையன் எல்லோருக்கும் மேலே எழும்பினான். ஐம்பத்தேழு. இப்போது அழுத்தினால் அவன் பிடித்தாலும் செல்லாது. மூன்று வினாடி. யார் கேட்கப்போகிறார்கள்? கிளாரியின் கடிகாரம்கூட ஒரு வினாடி முன்னே பின்னே இருக்கும். கெரினின் வேலை, இந்த வருடம் முழுக்க — மூன்று வினாடி.

பிடித்தான். இரண்டு. ஒன்று. இருவரும் சேர்ந்து அழுத்தினோம்.

சைரனுக்கு முன் பிடித்தால் சைரனுக்குப் பின் ஒரு உதை உண்டு. நாற்பத்தைந்து தப்படி, காற்று முதுகில். கோல் போனால் நாங்கள் தோற்றோம். பையன்கள் எல்லோரும் கோல் கோட்டில் கூடினார்கள். நடுவில் கேலம். கெரின் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். செய்ய வேண்டியதைச் செய்து முடித்தவள் மாதிரி.

உதைத்தான். நேராக வந்தது. காற்று கடைசி நொடியில் கொஞ்சம் ஓய்ந்தது, பந்து தாழ்ந்தது, கூட்டத்துக்கு மேலே ஒரு நீளமான கை எழுந்தது. பந்து கம்பங்களுக்கு நடுவேதான் போனது. கொரெல்லாக் கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன.

கோல் அம்பயர் கொடியை எடுக்கவில்லை. ஒரு கையால் இன்னொரு கையின் விரல் நுனியைத் தட்டிக் காட்டினார். பந்து தொடப்பட்டது. கோல் இல்லை, ஒரே ஒரு புள்ளி. இரண்டு புள்ளியில் ஜெயித்தோம்!

கிளாரி தன் கடிகாரத்தை என் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்து, அட்டையில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நீ முன்னாடியே அழுத்தியிருக்கலாம்" என்றார்.

"நீ பார்த்துட்டிருந்தே."

"நான் கண்ணை மூடிட்டேன் நோலா. நெஜமா."

கீழே இறங்கிப் போனேன். கேலமின் நடுவிரல் வீங்கி எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது. அவனுடைய கொரெல்லாப் பெண் அதற்கு ஐஸ் வைத்துக்கொண்டே, அவன் பிறந்த நேரத்தையும் ஊரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கமிட்டி கூடியது. ஏழு பேரில் ஆறு பேர் கை தூக்கினார்கள். கெரினுக்கு ஒரு வருடம் இல்லை, இரண்டு வருடம். தூக்காத ஒரு கை யாருடையது என்று எழுதப்போவதில்லை. வாயைக் கட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன். (அது ராஸ் இல்லை. ராஸ்தான் தீர்மானத்தையே கொண்டுவந்தார். இதை மட்டும் எழுதலாம்.)

செப்டம்பர் 6, சனி

இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் நாற்பத்துநாலு புள்ளியில் அடி வாங்கினோம். காற்றே இல்லை. கெரின் அப்போதே நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டாள். என்ன எழுதுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

கெரின் பள்ளி விடுமுறைக்கு பென்டிகோ போயிருக்கிறாள், கோச்சுகளுக்கான வகுப்பு. முப்பது பேரில் அவள் ஒருத்திதான் பெண்ணாம். மூன்றாம் நாளே காற்றில் ஆடுவது பற்றி அவளையே எழுந்து நின்று பேசச் சொன்னார்களாம். பேசவேமாட்டேன் என்றிருந்தேன், ஆனால் இதைக் கிளாரியிடம் சொன்னால் என்ன தப்பு? இதில் ரகசியம் ஒன்றும் இல்லையே.

நேற்று ஹாலைக் கழுவப் போனோம். ராஸ் ஏணி போட்டு ஏறி, கோச்சுகள் படம் மாட்டிய சுவரில் தன் படத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, புதிதாக ஓர் ஆணி அடித்தார். ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டிருந்தது கேலம்.

ஆகையால் கெரினுக்கு இன்றே கடிதம் எழுதிவிட்டேன். என்னிடம் இருப்பது அவள் பதினாறு வயதில் நெட்பால் பாவாடையில் நிற்கிற படம், அது அந்தச் சுவருக்கு ஆகாது. எழுதியது இதுதான்: போனில் அனுப்பாதே, அதைச் சட்டத்தில் போட முடியாது. தலையை ஒழுங்காக வாரி, கழுத்தில் விசில் போட்டுக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் புதிதாக ஒரு படம் எடுத்து, மடங்காத அட்டை வைத்துத் தபாலில் உடனே அனுப்பு கண்ணே.